மலைச்சரிவில் ஒரு பள்ளித் திருப்பணி

நம் நாட்டில் ஒரு கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதற்கென்று ஒரு முறை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது மரபு. திருப்பணி நடக்கும் காலத்தில் மூலவரின் சாந்நித்தியத்தைப் பாலாலயம் என்னும் சிறு இடத்துக்கு மாற்றி, பூஜை ஒரு வேளையும் தடைப்படாமல் பார்த்துக்கொண்டு, பழைய கட்டடத்தின் எந்தக் கல் இன்னும் நிற்கத் தக்கது, எந்தக் கல் மாற்றத் தக்கது என்று ஸ்தபதி ஒவ்வொன்றாகப் பரிசீலித்து ஜீர்ணோத்தாரணம் செய்வார். பழுதானதை மாற்றுவதும், இருப்பதைக் காப்பதும், வேண்டியதைச் சேர்ப்பதும் ஒரே காரியத்தின் மூன்று அங்கங்கள் என்னும் தெளிவு அந்த மரபில் ஊறியிருக்கிறது. ஊருக்கு அதே அளவு முக்கியமான பள்ளிக்கூடத்துக்கு இத்தகைய ஒரு மரபு நம்மிடையே இன்னும் உருவாகவில்லை. பள்ளிக்கு அறை போதவில்லை என்றால் ஓர் அறை கட்டுகிறோம். கூரை ஒழுகினால் கூரையை மாற்றுகிறோம். இரண்டையும் சேர்த்து நினைப்பது அரிதாகவே இருக்கிறது.

இந்தக் குறை சமவெளியில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. மலையில் உடனே படும். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும், ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும், சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் பள்ளிக்கூடம் நிற்கும் நிலம் பெரும்பாலும் சரிவானது. அங்கே ஓர் அறை கூட்டுவதற்கு மண்ணை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை எங்கேனும் கொட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் மலை சரியாமல் தடுக்க வேண்டும். பழைய வழி அடைபட்டுப் போன மழைநீருக்கு வேறு வழி காட்ட வேண்டும். ஓர் அறை என்று தொடங்கிய காரியம் ஒரு சரிவின் சமநிலையையே தொட்டுவிடுகிறது. ஆகவே மலைக் கிராமத்துப் பள்ளியை விரிவாக்குவதும் புதுப்பிப்பதும் எவ்வாறு நடைபெற வேண்டும் என்ற வினாவை அதன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆராய்வது அவசியமாகிறது.

என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மலைப்பள்ளியின் திருப்பணியில் முதற் பணம் நீருக்கு வழி அமைக்கவும், அடுத்த பணம் பழைய கட்டடத்தைத் திடப்படுத்தவும், அதன் பின்னரே மிஞ்சிய பணம் புதிய அறைக்கும் செலவாக வேண்டும். இன்று நடப்பது பெரும்பாலும் இந்த வரிசைக்குத் தலைகீழாக இருக்கிறது.

வினா வளர்ந்த வரலாறு

1954 முதல் 1963 வரை காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பள்ளியில்லாத ஊர்களுக்கெல்லாம் பள்ளி சென்றடைய வேண்டும் என்ற முயற்சி முழு வேகத்துடன் நடந்தது. கல்வித்துறையின் தலைமையில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே நிலமும் கட்டடமும் பலகையும் நாற்காலியும் பள்ளிக்கு வழங்கினார்கள். அந்த ஆர்வத்தின் பயனை எத்தனை தலைமுறைகள் அனுபவித்தன என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். மலையூரில் ஒருவர் பள்ளிக்கு நிலம் தரும்போது, உழவுக்கு உதவும் சமநிலத்தைத் தருவது எளிதன்று. எனவே பள்ளிக்கு வாய்த்தது பல ஊர்களில் சரிவின் ஓரமே.

பின்னர் 1987-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைத் தொடங்கி, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எல்லாப் பருவத்திலும் உபயோகிக்கத் தக்க இரண்டு அறைகளேனும் வேண்டும் என்று வகுத்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்த அளவுகோலை இன்னும் உயர்த்தியது. ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை, குடிநீர், மதிய உணவுக்குச் சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர், உடற்குறையுள்ள பிள்ளையும் தடையின்றி நுழையும் வழி ஆகியவை பள்ளியின் இன்றியமையாத அங்கங்கள் என்று அந்தச் சட்டம் பட்டியலிட்டது. விரிவாக்கம் என்பது மாணவர் தொகை பெருகுவதால் மட்டும் வருவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவரும் மலைப்பள்ளிக்கும் இந்தப் பட்டியலின்படி ஒரு கழிவறையோ, சமையற்கூடமோ, சாய்தளமோ தேவைப்படுகிறது.

இதற்கு இடையில், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கட்டடம் என்பது பாடம் நடப்பதற்கு ஒரு மறைவு மட்டுமன்று, பிறர் பெற்ற பிள்ளைகளைப் பகல் முழுதும் பொறுப்பேற்றுக் காக்கும் ஒரு காவல் என்ற உணர்வை அந்தத் துயரம் தமிழ்நாட்டின் நெஞ்சில் பதித்தது. ஆயினும் இந்தத் திட்டங்களும் விதிகளும் பெரும்பாலும் சமநிலத்தை மனத்தில் வைத்தே எழுந்தவை. நீள்சதுரமான ஓர் அறை, அதன் முன் ஒரு தாழ்வாரம், ஒரே மட்டத்தில் தரை என்ற வரைபடத்தைச் சரிவின்மேல் விரித்தால், வரைபடத்துக்கேற்ப மலையை வெட்ட வேண்டியதாகிறது.

நிலத்தைப் படித்தல்

ஆகவே முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மூன்று வகுப்பறைகள் வரிசையாக அமைந்த கட்டடம் 18 மீட்டர் நீளமும், தாழ்வாரத்தோடு 8 மீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். நிலம் ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. கட்டடத்தின் நீளம் சரிவின் குறுக்காக, அதாவது ஒரே உயரத்தில் மலையைச் சுற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதையைப் போல அமைந்தால், அதன் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் இடையே உயர வேறுபாடு 1.6 மீட்டர். அதே கட்டடத்தைச் சரிவின் வழியே நீளமாக இறக்கினால் வேறுபாடு 3.6 மீட்டர் ஆகிவிடும். தரை முழுவதையும் வெட்டியே சமன் செய்வதானால், முதல் முறையில் ஏறத்தாழ 115 கன மீட்டர் மண்ணும், இரண்டாம் முறையில் ஏறத்தாழ 259 கன மீட்டர் மண்ணும் வெட்ட வேண்டும். கட்டடம் ஒன்றே; அறையும் ஒன்றே; திசை மாறியதால் மட்டும் மலைக்கு நேரும் காயம் இருமடங்குக்கு மேலாகிறது.

மலை மக்கள் இந்தக் கணக்கை ஏட்டில் போடாமலே அறிந்தவர்கள். நீலகிரியில் படகர் ஊர்களாகிய ஹட்டிகளில் வீடுகள் சரிவின் குறுக்கே வரிசை பிடித்து நிற்பதையும், கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையைச் சுற்றியுள்ள பூண்டு வயல்கள் மலையின் வளைவை அனுசரித்துப் படிப்படியாக இறங்குவதையும் பார்த்தவர்கள், சரிவில் எவ்வாறு குடியிருக்க வேண்டும் என்பதற்கு வேறு பாடம் தேட வேண்டியதில்லை. கட்டடச் சிற்பி லாரி பேக்கர் இந்தப் பாடத்தை இமயத்தில் கற்றார். 1963 வரை பித்தோராகட் மலையில் மருத்துவப் பணியோடு கட்டடப் பணியும் செய்த அவர், பின்னர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை ஒரு குன்றின் சரிவில் அமைத்தபோது, மண்ணைக் கட்டடத்துக்குப் பணிய வைக்காமல், மரங்களும் நிலத்தின் ஏற்ற இறக்கங்களும் காட்டிய இடங்களில் கட்டடங்களை வளைத்தும் பிரித்தும் வைத்தார்.

நிலத்தைப் படிப்பதில் இன்னொரு பகுதி, மண் எத்தகையது என்று அறிவது. நீலகிரியில் பாறை சிதைந்து உண்டான மண்ணின் ஆழம் பல இடங்களில் அதிகம்; காய்ந்த காலத்தில் செங்குத்தாக வெட்டினாலும் அது நிற்கும்; நீர் ஊறியதும் தன் பிடியை இழந்துவிடும். வேனிலில் வெட்டிய முகம் உறுதியாக நிற்பதைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர். சாய்ந்து வளர்ந்த மரங்கள், நிலத்தில் பிறைபோல் வளைந்து ஓடும் வெடிப்புகள், முன்பில்லாத இடத்தில் திடீரென்று கசியும் ஊற்று ஆகியவை தென்பட்டால், அந்த இடத்தில் ஓர் அறையைக் கூட்டுவதற்கு முன் புவியியல் வல்லுநரை அழைப்பதே விவேகம். தமிழ்நாட்டில் 1990-இல் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டதன் நோக்கமும், மலையில் எங்கே எதைக் கட்டலாம் என்பது தனிமனிதர் விருப்பத்தில் மட்டும் நிற்கக்கூடாது என்பதே.

நீரின் வழி

நீலகிரியில் 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெரும் நிலச்சரிவுகள் மழைக்காலத்திலேயே நேர்ந்தன. 2009 நவம்பரில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை பதிவாயிற்று. மேலே சொன்ன மூன்று வகுப்பறைக் கட்டடத்தின் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தாலே 1,440 லிட்டர் நீர் வந்து விழும்; 91 செ.மீ. மழை பெய்தால் அதே கூரையிலிருந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். அந்த நீர் கட்டடத்தின் அடித்தளத்தருகே விழுந்து ஊறுமானால், எவ்வளவு சிமெண்டு இட்டாலும் பயனில்லை.

நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஓர் ஊர்ப் பள்ளியை நான் ஒரு நவம்பர் மாதத்தில் பார்த்தேன். மூன்று அறைகள் கொண்ட பழைய ஓட்டுக் கட்டடம். மலைப்பக்கச் சுவரில் பதித்திருந்த கரும்பலகை ஈரம் ஊறிப் பளபளத்தது. ஆசிரியை எழுதிய சுண்ணக்கட்டி அதன்மேல் வழுக்கியதே தவிர எழுத்து பதியவில்லை. அவர் ஒரு சிறு பலகையை நாற்காலியின்மேல் சாய்த்து வைத்து அதிலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அந்தச் சுவரிலிருந்து இரண்டடி விலகியே உட்கார்ந்திருந்தார்கள். எவரும் சொல்லாமல் அவர்களே விலகிக்கொண்டார்களாம். தலைமையாசிரியரின் மேஜைமேல் புதிய வகுப்பறை ஒன்று வேண்டும் என்ற விண்ணப்பம் இருந்தது. கட்டடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தபோது, மேலிருந்து சரிந்த மண் ஜன்னலின் அடிமட்டம் வரை சுவரோடு சேர்ந்து படிந்து, அதன்மேல் புல் முளைத்திருந்தது. உடன் வந்த கொத்தனார் மண்வெட்டியால் இரண்டடி ஆழம் தோண்டியதும், சீராகப் பொளிந்த கல் ஒன்று தட்டுப்பட்டது. தொடர்ந்து தோண்டினோம். அது ஒரு கல் வாய்க்கால். பள்ளியைக் கட்டிய முன்னோர், சுவருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டு, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பி ஓடைக்கு அனுப்பும் வாய்க்காலைப் பழுதின்றி அமைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அதை எவரும் தூர்வாராததால், வாய்க்கால் புதைந்து, மண் சுவரை அண்டி, நீர் கரும்பலகை வழியே வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

அந்தப் பள்ளிக்கு வேண்டியிருந்தது அறையா, வாய்க்காலா என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. மலைப்பள்ளித் திருப்பணியின் முதல் விதி இதுவே: பள்ளிக்கு மேலே, சரிவின் குறுக்காக, நீரை இடைமறித்து இருபுறமும் திருப்பும் ஒரு வாய்க்கால் இருக்க வேண்டும், வெட்டிய முகத்துக்கும் சுவருக்கும் இடையே தூர்வார ஆள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், கூரைநீர் குழாய் வழியாகத் தொட்டிக்கோ ஓடைக்கோ போக வேண்டும், வாய்க்கால் முடியும் இடத்தில் நீர் கீழேயுள்ள வீட்டின்மேலோ வயலின்மேலோ பாயாமல், கல் பரப்பிய படிகளில் வேகம் தணிந்து இறங்க வேண்டும். தன் நீரை அண்டை வீட்டானின் சுவர்மேல் விட்டுவிட்ட பள்ளி தன் திருப்பணியை முடித்ததாகச் சொல்ல முடியாது.

தடுப்புச் சுவர்

மண்ணை வெட்டிய இடத்திலெல்லாம் தடுப்புச் சுவர் வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அந்தச் சுவர் எதைத் தடுக்கிறது என்பதைச் சிலரே சிந்திக்கிறார்கள். மண் சுவரைத் தள்ளும் விசை சுவரின் உயரத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. ஒரு மீட்டர் உயரச் சுவரை இரண்டு மீட்டராக உயர்த்தினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்க முயலும் திருப்பம் எட்டு மடங்காகும். சுவரின் பின்னே நீர் தேங்கிவிட்டால், வெறும் மண்ணின் தள்ளுதலைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசையை அது தாங்க வேண்டியிருக்கும். ஆகவே, நான்கு மீட்டர் உயரமான ஒரே சுவரைக் காட்டிலும், நடுவே போதிய அகலமுள்ள படி விட்டு இரண்டு மீட்டர் உயரத்தில் இரண்டு சுவர்கள் எழுப்புவது பாதுகாப்பானது. சுவரின் பின்புறம் உடைகல்லும் சரளையும் நிரப்பி, முகத்தில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டு, அந்தத் துளைகள் அடைபடாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் அந்தத் துளைகளில் நீர் ஒழுகுவது சுவரின் ஆரோக்கியத்துக்கு அடையாளம். பெருமழையிலும் அவை வறண்டிருந்தால் நீர் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது என்று அஞ்ச வேண்டும்.

சாந்து பூசாமல் கல்லோடு கல் கோத்து அடுக்கும் கல்கட்டு நம் மலைகளில் நெடுங்காலமாக வழங்கும் கலை. உயரம் குறைந்த இடங்களில் அது இன்றும் சிறந்தது. அதன் ஒவ்வொரு சந்தும் நீருக்கு ஒரு வாசல். சுவருக்கு மேலேயுள்ள சரிவில் புல் பூண்டுகளை வளர்ப்பதும் சுவரின் ஓர் அங்கமே. மண்ணரிப்பைத் தடுக்க உலகின் பல நாடுகள் இன்று நடுகின்ற வெட்டிவேர், பெயரளவிலும் நம்முடையது. பிற மொழிகளும் அதைத் தமிழ்ப் பெயராலேயே அழைக்கின்றன. உறைபனி மிகுந்த உயரங்களில் அது தழைப்பது அரிது. அங்கே அந்த மலைக்கே உரிய புல்வகைகளை நடலாம்.

சிறிய சுவர்தானே என்ற அலட்சியம் எவ்வளவு கொடியது என்பதை 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கண்டோம். ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். சமநிலத்தில் நின்ற சுவருக்கே அந்த வல்லமை இருக்குமானால், சரிவில் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை நாம் எத்தனை கவனத்தோடு நோக்க வேண்டும்!

பழைய கட்டடம்

பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அந்த ஓடு மேற்கு மலைத்தொடரின் ஊர்களுக்கெல்லாம் ஏறியது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர், மரக் கைகள், மங்களூர் ஓடு என்ற அமைப்பில் எழுந்த பள்ளிகள் மலைகளில் இன்னும் நிற்கின்றன. இவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, திருத்திக் காப்பதா என்பது எங்கும் எழும் தர்க்கம். இதற்குப் பொதுவான ஒரே விடை கிடையாது; ஒவ்வொரு கட்டடமும் தானே சாட்சி சொல்ல வேண்டும்.

சாட்சியைக் கேட்கும் வழி எளிதானது. வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சாந்தால் ஒட்டி, அருகில் தேதியை எழுதி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி முழுதாக இருந்தால் வெடிப்பு பழையது, ஓய்ந்தது. உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது. கீழ்ப்புற மூலையில் தொடங்கி மேலே போகப் போக அகலும் வெடிப்பு, அந்த மூலையின் அஸ்திவாரம் அமிழ்கிறது என்று பெரும்பாலும் உணர்த்தும். சுவரின் வயிறு புடைத்திருந்தால் உள்வரிசைக் கல்லும் வெளிவரிசைக் கல்லும் பிரிந்துவிட்டன என்று பொருள். உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றும் நீளத்தில் நான்கடிக்கு ஒன்றுமாகச் சுவரை ஊடுருவும் நெடுங்கற்களைச் செருகி இரு வரிசைகளையும் பிணைக்கலாம். கதவு ஜன்னல்களின் தலைமட்டத்தில் நான்கு சுவர்களையும் இடுப்புக் கயிறுபோல் சுற்றிக் கட்டும் கம்பிப் பட்டை, கூரையின் கைமரங்களைச் சுவரோடு இறுக்கும் இரும்புப் பிடி ஆகியவை செலவில் சிறியவை. பயனிலோ மிகப் பெரியவை. இவற்றோடு ஒரு தவிர்க்க வேண்டிய காரியமும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளியே விட்டுச் சுவாசிக்கும் இயல்புடையது; அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உளுத்துப்போகும். அதுபோலவே, ஓட்டை எடுத்துவிட்டுத் தகரக் கூரை வேய்ந்தால், மலைமழையின் ஓசையில் ஆசிரியரின் குரல் இரண்டாம் வரிசைக்கும் எட்டாது.

பழைய கட்டடத்தைத் திடப்படுத்துவதில் தாமதம் கூடாது என்பதற்கு இரண்டு சனிக்கிழமைகள் சான்று. 2005 அக்டோபர் 8 அன்று காலை காஷ்மீர மலைகளில் பூமி அதிர்ந்தபோது பாகிஸ்தான் பகுதியில் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. சரிவுகளில் நின்ற பள்ளிக் கட்டடங்கள் இடிந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் மாண்டார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் பூமி அதிர்ந்தபோதும் மலைப்பள்ளிகள் எண்ணற்றவை இடிந்தன. ஆனால் சனிக்கிழமை அந்த நாட்டில் வார விடுமுறை, வகுப்பறைகள் காலியாக இருந்தன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து வெள்ளார்மலைப் பள்ளி சிதைந்ததும் நள்ளிரவு கடந்த நேரத்தில்தான். பிள்ளைகளின் உயிர் கிழமையையும் கடிகாரத்தையும் நம்பி இருப்பது நாகரிகமான ஒரு சமூகத்துக்கு அடுக்காது. இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 29 அன்று காலை இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தபோது, பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். வெள்ளமும் சரிவும் வரும்போது ஊரார் ஓடிவந்து தங்கும் இடமும் பள்ளிக்கூடமே. ஊரில் எது சரிந்தாலும் சரியாமல் நிற்க வேண்டிய கட்டடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

புதிய அறை

நீருக்கு வழி கண்டு, பழையதைத் திடப்படுத்திய பின்னும் புதிய அறை தேவைப்பட்டால், அதைப் பழைய சுவரோடு பல் விட்டுப் பிணைக்கக் கூடாது. பழைய அஸ்திவாரம் தன் மண்ணில் அமிழ வேண்டிய அளவு அமிழ்ந்து நிலைபெற்றுவிட்டது. புதியது இனித்தான் அமிழப் போகிறது. இரண்டையும் இறுகக் கட்டினால் இணைப்பில் வெடிக்கும். நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, மழை புகாமல் மேலே ஒரு மூடி இட்டு, இரண்டையும் தனித்தனியே நிற்க விடுவதே முறை. சரிவில் கான்கிரீட் தூண்கள் நிறுத்தும்போது, மேற்புறத் தூண்கள் குட்டையாகவும் கீழ்ப்புறத் தூண்கள் நெட்டையாகவும் அமையும். நிலநடுக்கத்தில் குட்டைத் தூண்களே பாரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு முதலில் முறியும். படிப்படியாக வெட்டிய அஸ்திவாரத்தின்மேல், தூண்களின் உயர வேறுபாட்டைக் குறைத்துக் கட்டுவது இதற்குப் பரிகாரம்.

சரிவைச் சுமையாக மட்டும் கருதுவது தவறு. சமநிலத்தில் மாடி கட்டினால் படியேறியே போக வேண்டும். சரிவிலோ கீழ்த்தளத்துக்குக் கீழ்ப்பாதையிலிருந்தும் மேல்தளத்துக்கு மேற்பாதையிலிருந்தும் தரையோடு தரையாக நுழைய முடியும். ஒரு மீட்டர் உயரம் ஏறும் சாய்தளத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும் என்பது விதி. ஒரு மாடி உயரத்துக்கு அதைக் கட்ட நினைத்தால் பள்ளியைச் சுற்றிச் சாய்தளமே நிறைந்துவிடும். மலையைச் சுற்றி வரும் பாதையை இரண்டு மட்டங்களிலும் கட்டடத்தோடு சேர்த்துவிட்டால், சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் மேல்தளத்து நூலகத்துக்குத் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகலாம். தீ விபத்தின்போது ஒவ்வொரு தளத்துக்கும் தனி வாசல் இருப்பதும் பெரிய காப்பு. கும்பகோணத்து நினைவு உள்ளவர்களுக்கு அதன் மதிப்பு புரியும்.

கழிவறையை எங்கே வைப்பது என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். அதன் கழிவுநீர் ஊறும் குழி, குடிநீர் ஊற்றுக்கும் தடுப்புச் சுவருக்கும் மேலே இருக்கக் கூடாது. ஆனால் அதற்காகக் கழிவறையைச் சரிவின் அடியில் கொண்டுபோய் வைத்தால், மழையில் வழுக்கும் பாதையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை தனியே இறங்க வேண்டும். வளர்ந்த பெண்பிள்ளைகள் போகாமலே இருந்துவிடுவார்கள். கழிவறை வகுப்பறையின் மட்டத்திலேயே கூரையிட்ட நடைபாதையோடு இருக்கட்டும். குழாய் மட்டும் கீழே இறங்கட்டும். விளையாட்டிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையூரில் சமநிலத்தைப் போல அரிய செல்வம் வேறில்லை. கட்டுவதற்கு எளிதென்று அந்த ஒரே சமநிலத்தில் புதிய அறையை எழுப்பிவிட்டால், பின்பு அந்தப் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கு ஒரு முழம் நிலமும் இராது. சரிவில் கட்டுவது கடினமானாலும், கட்டடம் சரிவில் நிற்கட்டும். சமநிலம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

காலமும் மக்களும்

மலையில் மண்வேலை செய்யத் தகுந்த காலம் தை முதல் சித்திரை வரை. நீலகிரியின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமும், கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமும் பெருமழை தருகின்றன. அரசின் நிதியாண்டோ மார்ச்சு 31-இல் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. அனுமதியும் ஒப்பந்தமும் முடிந்து வேலையாட்கள் வந்து சேரும்போது மழையும் வந்து சேர்ந்துவிடும். வெட்டிய முகம் தடுப்புச் சுவரின்றி ஒரு பருவமழையை எதிர்கொள்வதைப் போல ஆபத்தானது வேறில்லை. எனவே மலைப்பள்ளிகளின் மதிப்பீடும் அனுமதியும் மழைக்காலத்திலேயே முடிந்து, தை பிறந்ததும் மண்வெட்டி விழும்படி வேலை அட்டவணை தனியாக வகுக்கப்பட வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். கோயிலுக்குப் பாலாலயம் போல, சமுதாயக் கூடமோ பக்கத்து வீட்டுத் திண்ணையோ பள்ளிக்கு ஒரு பாலாலயமாகலாம்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக அமைந்த மேலாண்மைக் குழு உண்டு. இந்தக் குழு ஆண்டுக்கு இருமுறை, பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும், பள்ளியைச் சுற்றி நடந்து, வாய்க்காலைத் தூர்வாரி, சுவர்த் துளைகளைக் குத்தித் திறந்து, கண்ணாடிப் பட்டைகளைப் பார்த்து, கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்குமானால், பல லட்சம் ரூபாய்ச் செலவை அந்த இரண்டு நாள் உழைப்பு மிச்சப்படுத்தும். கல்கட்டு அடுக்கத் தெரிந்த முதியவர் அந்த ஊரிலேயே இருப்பார். ஊற்று எங்கே கசியும் என்பதை அறிந்த பாட்டியும் இருப்பார். பொறியாளரின் கணக்கும் அவர்களுடைய அனுபவமும் ஒரே பாயில் அமர்ந்து பேச வேண்டும்.

முன்பு சொன்ன பள்ளியில், நான்கு பேர் மூன்று நாள் உழைத்து அந்தக் கல் வாய்க்காலைத் தோண்டி எடுத்தார்கள். சுவரை அண்டிய மண்ணை அப்புறப்படுத்தி, இடைவெளியைத் திறந்துவிட்டார்கள். அடுத்த நவம்பரில் நான் மீண்டும் போனபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பின்புறம் வாய்க்காலில் நீர் சலசலத்து ஓடையை நோக்கி ஓடியது. உள்ளே அந்தக் கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு முழுவதும் வெள்ளை வெளேரென்று எழுதியிருந்தது. பிள்ளைகள் உட்காரும் பலகைகள் மீண்டும் சுவரோரம் போயிருந்தன. தலைமையாசிரியர் புதிய அறைக்கான விண்ணப்பத்தை விட்டுவிடவில்லை. ஆனால் இம்முறை அதன் முதல் பக்கத்தில், அறைக்கு முன் கட்டப்பட வேண்டிய மேல் வாய்க்காலின் அளவை எழுதியிருந்தார்.